பந்து கையை விட்டுப் போகும் வரை

2016 ஜனவரி 11 அன்று, அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய இறுதிப் போட்டியில் அலபாமா பல்கலைக்கழகம் கிளெம்சன் பல்கலைக்கழகத்தை 45-40 என்று வென்றது. தோற்ற கிளெம்சனின் குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சன் 47 முறை பந்தை வீசி 30 முறை தன் ஆட்களிடம் சேர்த்தார். 405 யார்டுகள், நான்கு டச் டவுன்கள், எதிரணியின் கையில் சிக்கிய ஒரு வீச்சு. தானே பந்தோடு ஓடி எடுத்தது இன்னும் 73 யார்டுகள். மொத்தம் 478. அதுவரை தேசிய இறுதிப் போட்டி எதிலும் எந்த ஆட்டக்காரரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அதற்கு முந்தைய உச்சம், 2006 ஜனவரியில் டெக்சஸின் வின்ஸ் யங் எடுத்த 467. யங்கின் அணி வென்றது. அவருடைய ஆட்டம் அந்த விளையாட்டின் புராணங்களில் ஒன்றாகிவிட்டது. வாட்சனின் 478 அன்றிரவு ஆறுதல் பரிசின் தொனியில் பேசப்பட்டது. ஓர் ஆட்டக்காரர் எப்படி ஆடினார் என்ற கேள்விக்கு, அவருடைய அணி என்ன ஆயிற்று என்பது பதிலில் எவ்வளவு பங்கு? அந்தப் பங்கு சுழியம் என்பதுதான் இங்கே நான் வைக்கும் வாதம். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வாதத்தை முழுக்க ஏற்றுக்கொண்டால், தோற்றவர்களை மன்னிப்பதோடு வேலை முடிவதில்லை. வென்றவர்கள் பலரையும் கண்டிக்க வேண்டியிருக்கும்.

குவார்ட்டர்பேக்கின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதற்கு அந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. தாக்குதல் அணி களத்தில் இருக்கும்போது ஏறத்தாழ ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வருகிறது. எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, வேண்டுமானால் திட்டத்தை மாற்றி, இரண்டு மூன்று நொடிகளுக்குள் வீசுவதா, கொடுப்பதா, ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஆனால் பார்வையாளர்கள் எளிதில் மறந்துவிடும் இன்னொரு பக்கம் உண்டு. பந்து எதிரணியிடம் போனதும் குவார்ட்டர்பேக் களத்தை விட்டு வெளியேறிவிடுகிறார். தற்காப்புக்கு வேறு 11 பேர். பந்தை உதைக்கும்போதும், உதைத்த பந்தை வாங்கும்போதும் களத்தில் இறங்குவது இன்னொரு தனி அணி. கிரிக்கெட்டில் சதம் அடித்தவரும் பிறகு களத்தடுப்பில் நிற்கிறார். இங்கே அதுகூட இல்லை. ஆட்டத்தின் ஏறத்தாழப் பாதி நேரம் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பெயரில்தான் அமெரிக்கப் பத்திரிகைகள் வெற்றி தோல்விப் பட்டியலை எழுதுகின்றன. இன்ன குவார்ட்டர்பேக் இத்தனை போட்டிகளை வென்றார், இத்தனையைத் தோற்றார் என்று. அவருக்கு முன்னால் நின்று அடி வாங்கும் ஐந்து தடுப்பாளர்களுக்கு இப்படி ஒரு பட்டியலை யாரும் போடுவதில்லை.

கிளெண்டேல் போட்டியின் கடைசிக் கால்பகுதி இதற்குப் பாடப்புத்தகம் போன்ற சான்று. அது தொடங்கியபோது கிளெம்சன் 24-21 என்று முன்னிலையில் இருந்தது. 10 நிமிடம் 34 நொடி மீதமிருக்கையில் அலபாமா ஒரு கள கோல் அடித்து 24-24 என்று சமன் செய்தது. அடுத்து அலபாமா பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்க வேண்டும். வாட்சன் களம் இறங்க வேண்டும். ஆனால் அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் யாரும் எதிர்பாராத நேரத்தில் ஆன்சைட் கிக்குக்கு, அதாவது உதைத்த அணியே பந்தைத் திரும்பக் கைப்பற்ற முயலும் குறுகிய உதைக்கு, உத்தரவிட்டார். பந்து தூரமாகப் போகாமல் பக்கவாட்டில் மேலெழுந்து, ஓடி வந்த மார்லன் ஹம்ப்ரி என்ற அலபாமா வீரரின் கைகளிலேயே விழுந்தது. எப்போதும் இறுகிய முகத்தோடு நிற்கும் சேபன் சிரித்ததைத் தொலைக்காட்சி காட்டியது. சற்று நேரத்தில் கிளெம்சன் தற்காப்பு அணி யாருமே காவல் நிற்காமல் விட்ட ஓ.ஜே. ஹோவர்டு 51 யார்டு டச் டவுன் அடித்தார். பிறகு கிளெம்சன் ஒரு கள கோல் போட்டு 31-27 என்று நெருங்கியது. உடனே அடுத்த கிக் ஆஃபை வாங்கிய அலபாமாவின் கென்யன் டிரேக் 95 யார்டு ஓடிக் கோட்டைத் தாண்டினார். இந்த மூன்று நிகழ்ச்சிகளின்போதும் வாட்சன் களத்திலேயே இல்லை. அவர் களத்தில் இருந்தபோது நடந்தது வேறு கதை: பதினொரு நாள் முன்பு அரையிறுதியில் மிச்சிகன் ஸ்டேட் அணியை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் 38-0 என்று நசுக்கிய அதே அலபாமா தற்காப்புக்கு எதிராக அவருடைய அணி 40 புள்ளிகள் எடுத்தது.

இதே இரண்டு அணிகளும் ஓராண்டு கழித்து, 2017 ஜனவரி 9 அன்று புளோரிடாவின் டாம்பா நகரில் மீண்டும் இறுதிப் போட்டியில் சந்தித்தன. இம்முறை கிளெம்சன் 35-31 என்று வென்றது. ஒரு நொடி மட்டுமே மீதமிருக்கையில் வாட்சன் வீசிய இரண்டு யார்டு பந்தை ஹன்டர் ரென்ஃப்ரோ பிடித்தார். வாட்சன் 56 வீச்சுகளில் 36-ஐச் சேர்த்து 420 யார்டுகள், மூன்று டச் டவுன்கள் எடுத்தார். ஓடி எடுத்தவை 43. மொத்தம் 463. கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ பயன்படுத்தும் வீச்சுத்திறன் சூத்திரத்தில் இரண்டு இரவுகளையும் பொருத்திப் பார்த்தால், தோற்ற இரவில் அவருக்கு 160, வென்ற இரவில் 145. அதே ஆள், அதே எதிரணி, கிட்டத்தட்ட அதே தரமான ஆட்டம். எண்கள் சொல்வதை நம்பினால் தோல்வியில்தான் ஒரு படி மேல். மாறியது ஒன்றுதான். முதல் ஆண்டு கிளெம்சன் விட்டுக்கொடுத்தது 45 புள்ளிகள், இரண்டாம் ஆண்டு 31. முதல் இரவில் அவரால் முடிக்க இயலவில்லை என்றும், இரண்டாம் இரவில் அவர் பெரும் போட்டிகளின் நாயகன் என்றும் சொல்பவர்கள், உண்மையில் கிளெம்சனின் தற்காப்பு அணிக்கும் உதைக்கும் அணிக்கும் மதிப்பெண் போட்டு அதை வாட்சனின் பெயரில் எழுதிவிடுகிறார்கள்.

டாம்பாவில் தோற்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், கல்லூரியில் முதலாண்டு மாணவர், 18 வயது. 31 வீச்சுகளில் 13-ஐ மட்டுமே சேர்த்தார், 131 யார்டுகள். அதே சூத்திரத்தில் 88. ஆட்டம் நெடுக அவருடைய அணி பந்தைக் கையில் வைத்திருக்க முடியாமல் மீண்டும் மீண்டும் திருப்பிக் கொடுத்தது. அதனால் அலபாமாவின் தற்காப்பு 99 முயற்சிகளைத் தாங்க வேண்டியதாயிற்று, கடைசியில் களைத்தது. ஆனாலும் 2 நிமிடம் 7 நொடி மீதமிருக்கையில் ஹர்ட்ஸ் 30 யார்டு ஓடி டச் டவுன் அடித்து அணியை 31-28 என்று முன்னால் கொண்டுவந்தார். போட்டி அந்தக் கணக்கிலேயே முடிந்திருந்தால் மறுநாள் தலையங்கங்கள் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிப்பதில் சிரமமில்லை: 1985க்குப் பிறகு முதன்முறையாக ஒரு முதலாண்டு மாணவர் குவார்ட்டர்பேக்காக நின்று தேசியப் பட்டத்தை வென்றார், இக்கட்டான நேரத்தில் நெஞ்சுரத்தோடு ஓடினார் என்று. 13/31 ஓர் அடிக்குறிப்பாகியிருக்கும். கிளெம்சன் ஒன்பது முயற்சிகளில் 68 யார்டு நகர்ந்து வென்ற அந்த இரண்டு நிமிடங்களில் ஹர்ட்ஸ் செய்தது என்ன? எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றதுதான். அவருடைய ஆட்டத்தில் ஒரு துளிகூட மாறாத நேரத்தில் அவரைப் பற்றிய தீர்ப்பு மட்டும் தலைகீழானது. அந்த ஓட்டம் அருமையானது, அந்த வீச்சுகள் மோசமானவை என்பதே நேர்மையான தீர்ப்பு. ரென்ஃப்ரோ கடைசிப் பந்தைப் பிடித்திருந்தாலும் நழுவவிட்டிருந்தாலும் அது அப்படியேதான் நிற்க வேண்டும்.

இந்தத் தடுமாற்றம் விளையாட்டு ரசிகர்களுக்கு மட்டும் உரியதன்று. ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் எடுத்த முடிவு ஒன்றைப் பலரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். முடிவெடுத்தபோது மருத்துவருக்குத் தெரிந்திருந்த தகவல்கள் எல்லாம் ஒன்றுதான். நோயாளி பிழைத்தார் என்று சொல்லப்பட்டபோது அந்த முடிவுக்குக் கிடைத்த மதிப்பு, இறந்தார் என்று சொல்லப்பட்டபோது கிடைக்கவில்லை. விளைவைத் தெரிந்துகொண்ட பின் அதை மறந்துவிட்டுச் செயலை மட்டும் பார்ப்பது மனித மனத்துக்குக் கடினம். கால்பந்தில் இது இன்னும் கடினமாகிறது. கடைசி வீச்சு பதினைந்து கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. இரண்டாம் கால்பகுதியில் யாரோ ஒரு தடுப்பாளர் சறுக்கி விழுந்தது ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை.

அப்படியானால் எண்களை நம்பிவிடலாமா? நானே மேலே எண்களைத்தானே அடுக்கினேன் என்று கேட்கலாம். எண்கள் புள்ளிப்பலகையைவிட நல்ல சாட்சி, அவ்வளவுதான். நடுநிலையான சாட்சி என்று சொல்ல முடியாது. அதே கிளெண்டேல் இரவில் அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேக் கோக்கர் 25 வீச்சுகளில் 16-ஐச் சேர்த்து 335 யார்டுகள் எடுத்தார். சூத்திரம் அவருக்குத் தருவது 203. வாட்சனைவிட மிக உயரம். ஆனால் அந்த 335இல் 208 யார்டுகள் ஹோவர்டு ஒருவர் பிடித்த ஐந்து பந்துகளில் வந்தவை. முக்கியமானவற்றில் அவரைச் சுற்றி ஆளே இல்லை. காவலில்லாத ஆளுக்குப் பந்து கொடுப்பது சரியான செயல்தான்; அதற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் பந்தைப் பிடித்தபின் அவர் ஓடிய தூரமும், கிளெம்சன் காவலர்களின் குழப்பமும் கோக்கரின் கணக்கில் வரவாகிவிடுகின்றன. மேலும் அந்தச் சூத்திரம் ஓட்டத்தை எண்ணுவதே இல்லை. 2006 இறுதிப் போட்டியில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாட் லைனர்ட் 40இல் 29 சேர்த்து 365 யார்டுகள் எடுத்து 41-38 என்று தோற்றார். சூத்திரம் அவருக்கு 152 தருகிறது, வின்ஸ் யங்குக்கு 131தான். யங் ஓடி எடுத்த 200 யார்டுகளும் மூன்று டச் டவுன்களும் அதன் கண்ணில் படவில்லை. வாட்சனின் எண்களிலும் தூசு உண்டு. அவருடைய நான்காவது டச் டவுன் 12 நொடி மீதமிருக்கையில், 12 புள்ளிகள் பின்தங்கியிருந்த நிலையில் வந்தது. பின்தங்கியவர் அதிகம் வீசியாக வேண்டும்; அதிகம் வீசினால் யார்டுகளும் ஏறும்.

ஆகவே அளவுகோல் வேறிடத்தில் இருக்கிறது. பந்து கையை விட்டுப் போகும் வரை நடப்பது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. அதற்குப் பின் நடப்பது பலருடையது. பந்து கைக்கு வருமுன் எதிரணியின் நிலையைச் சரியாகப் படித்தாரா? முதல் ஆள் அடைபட்டிருந்தபோது இரண்டாம், மூன்றாம் ஆளைத் தேடினாரா? தன்மேல் பாயும் எதிரணியினரை உணர்ந்து நகர்ந்தாரா, அல்லது தடுப்பு உறுதியாக இருந்தும் அஞ்சி ஓடினாரா? வீசக் கூடாத இடத்தில் வீசாமல் பந்தை வெளியே எறிய மனம் வந்ததா? வீசிய பந்து, பிடிப்பவர் ஓடிக்கொண்டே வாங்கும்படி அவருக்குச் சற்று முன்னே போய் விழுந்ததா, அவரைத் திரும்பி நின்று காத்திருக்க வைத்ததா? இவை எல்லாம் காட்சிப் பதிவைப் பார்த்து ஒவ்வொரு முயற்சியாகச் சொல்லக்கூடியவை. பயிற்சியாளர்கள் திங்கட்கிழமை தோறும் செய்வது இதைத்தான். அருமையான வீச்சைப் பிடிப்பவர் நழுவவிட்டால் அது குவார்ட்டர்பேக்குக்கு வரவு. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து தற்செயலாகத் தன் ஆளிடம் விழுந்தால் அது செலவு. புள்ளிப்பலகை இரண்டையும் மாற்றியே எழுதும்.

இதற்கு முதல் மறுப்பு கூட்டல் கழித்தலிலிருந்து வருகிறது. கிளெண்டேலில் வாட்சனின் ஒரு வீச்சை அலபாமாவின் எடி ஜாக்சன் பறித்தார். அதைத் தொடர்ந்து டெரிக் ஹென்றி டச் டவுன் அடித்து ஆட்டத்தை 14-14 என்று சமமாக்கினார். கிளெம்சன் தோற்றது ஐந்து புள்ளிகளில். அந்த ஒரு பிழை இல்லையென்றால் வெற்றி அல்லவா என்பது கேள்வி. பிழை அவருடையதுதான், அதை அவர் கணக்கில் எழுத வேண்டியதுதான். ஆனால் அதே கழித்தலை டிரேக்கின் 95 யார்டு ஓட்டத்துக்கும் செய்யலாம், ஆன்சைட் கிக்கைத் தொடர்ந்த ஏழு புள்ளிகளுக்கும் செய்யலாம். ஐந்து புள்ளித் தோல்வியில் ஏழு புள்ளி நிகழ்ச்சி ஒவ்வொன்றுமே ‘காரணம்’ ஆகிவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்துத் தோல்விக்குக் காரணம் என்பவர், யாரைக் குற்றம் சொல்வதென்று முன்பே முடிவு செய்துவிட்டவர். இதில் இன்னொன்றும் உண்டு: இந்தக் கழித்தலில் வாட்சன் தந்த நான்கு டச் டவுன்களை யாரும் கூட்டுவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. விளையாட்டு வெல்வதற்காகத்தான், நெருக்கடி நேரத்தில் வெல்லும் வழியைக் கண்டுபிடிப்பதே தலைமைப் பண்பு, அந்தப் பண்பை எந்தச் சூத்திரமும் எந்தப் பதிவும் காட்டாது, முடிவுதான் காட்டும் என்பார்கள். தலைமைப் பண்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. டாம்பாவின் கடைசி இரண்டு நிமிடங்களில் வாட்சன் பதறாமல் ஆடியது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. ஆகவேதான் அதை முடிவைப் பார்க்காமலே பாராட்ட முடிகிறது. ஆறு நொடி மீதமிருக்கையில் கிளெம்சன் இரண்டு யார்டு தொலைவில் நின்றது. கள கோல் அடித்து 31-31 என்று சமன் செய்யும் வாய்ப்பு கையிலிருந்தும், பயிற்சியாளர் டாபோ ஸ்வினி தரப்பு வீச முடிவு செய்தது. துணிச்சல் அந்த முடிவில் இருந்தது. திறமை வாட்சன் வீசியதில் இருந்தது. ரென்ஃப்ரோவின் கையில் இருந்தது வேறொரு திறமை. மூன்றையும் சேர்த்து ‘வெல்லத் தெரிந்தவர்’ என்று ஒருவருக்கே பட்டம் கட்டும்போது, நாம் காண முடிந்த ஒரு பண்பைக் காண முடியாத ஒரு மாயமாக மாற்றிவிடுகிறோம். முடிவால் மட்டுமே நிறுவப்படும் பண்பு எதையும் விளக்காது. ஏன் வென்றார், வெல்லும் குணம் இருந்ததால். குணம் இருந்தது எப்படித் தெரியும், வென்றதால்.

இந்த வட்டம் காலத்திலும் பின்னோக்கி ஓடுகிறது. 2008 செப்டம்பர் 27 அன்று புளோரிடா பல்கலைக்கழகம் சொந்த மைதானத்தில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் 31-30 என்று தோற்றது. டச் டவுனுக்குப் பின் வரும் கூடுதல் புள்ளிக்கான உதை ஒன்று தடுக்கப்பட்டதும், கடைசியில் நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது குவார்ட்டர்பேக் டிம் டீபோ நிறுத்தப்பட்டதும் தோல்வியை உறுதிசெய்தன. போட்டி முடிந்து செய்தியாளர்கள் முன் டீபோ மன்னிப்புக் கேட்டு, இனி எவரும் தன்னைவிடக் கடுமையாக உழைக்க முடியாது என்று சூளுரைத்தார். அந்தப் பருவத்தின் இறுதியில் புளோரிடா தேசியப் பட்டத்தை வென்றது. அவர் பேசிய சொற்கள் மைதானத்தில் பலகையாகப் பதிக்கப்பட்டன. அடுத்து வந்த போட்டிகளில் இரண்டு தோற்றிருந்தால் அதே பேச்சு இளைஞனின் வீண் வீராப்பாக நினைவுகூரப்பட்டிருக்கும். பேச்சு ஒன்றுதான். ஆகவே வாட்சன் மறு ஆண்டு வென்றதையோ, ஹர்ட்ஸ் பிற்காலத்தில் ஃபிலடெல்ஃபியா அணிக்காக 2025 சூப்பர் பவுலை வென்று அதன் சிறந்த ஆட்டக்காரர் ஆனதையோ அவர்களுடைய பழைய தோல்விகளுக்கு நியாயமாகக் காட்டவும் எனக்கு உரிமையில்லை. பின்னால் வந்த வெற்றி முன்னால் வீசிய பந்தைத் திருத்திவிடாது.

மூன்றாவது மறுப்பு புதியது, பணம் சார்ந்தது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதிக்கப்பட்டார்கள். 2025இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு வருவாயில் பங்கு தருகின்றன. கூலி வாங்குபவனிடம் பலனைக் கேட்பதில் என்ன தவறு என்கிறார்கள். பணம் வாங்குவதால் மதிப்பீடு கடுமையாகலாம், பொய்யாகக் கூடாது. சொல்லப்போனால் பணம் வந்தபிறகு சரியான மதிப்பீட்டின் தேவை கூடியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் இப்போது எளிது. இருபது வயது இளைஞர் ஒருவரின் அடுத்த ஒப்பந்தம், அடுத்த கல்லூரி, தொழில்முறை வாய்ப்பு எல்லாம் அந்த மதிப்பீட்டைப் பொறுத்தவை. உதைக்கும் அணியின் பிழைக்கு அவருடைய விலை குறைவது அவருக்கு அநீதி. தற்காப்பு அணியின் திறமைக்கு இன்னொருவரின் விலை ஏறுவது, அவரை நம்பிப் பணம் கொடுப்பவருக்கு நட்டம்.

கடைசியாக ஓர் எல்லைக்கோடு. ஆட்டத்தை மதிப்பிடுவது ஆளை மதிப்பிடுவதாகாது. வாட்சன் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் பாலியல் அத்துமீறல் புகார்களோடு வழக்குத் தொடுத்தார்கள். அவர் மறுத்தார், குற்றவியல் வழக்கு பதிவாகவில்லை, 2022இல் தேசியக் கால்பந்துக் கழகம் அவரை 11 போட்டிகளுக்கு விலக்கி வைத்தது. கிளெண்டேலின் 478 யார்டுகள் அந்தப் புகார்களுக்கு எதிரான நற்சான்றிதழ் ஆகாது. அந்தப் புகார்களும் அன்றைய வீச்சுகளை மோசமானவையாக மாற்றாது. வெற்றியைக் குணத்தின் அடையாளமாகப் படிக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

இரண்டு இரவுகளுக்கும் என் தீர்ப்பு இது. கிளெண்டேலில் களத்தில் இருந்த இரண்டு குவார்ட்டர்பேக்குகளில் சிறப்பாக ஆடியவர் தோற்றவர். டாம்பாவில் தோற்றவர் மோசமாகவே ஆடினார். கடைசி இரண்டு நிமிடங்கள் வேறு மாதிரிப் போய் அவர் அணி வென்றிருந்தாலும் அவர் மோசமாகவே ஆடியிருப்பார். இதில் முதல் வாக்கியத்தை ஒப்புக்கொள்வது பலருக்கும் எளிது. இரண்டாவதைத் தன் சொந்த அணி வென்ற மறுநாள் காலையில் ஒருவர் சொல்வாரானால், அவருடைய மதிப்பீட்டை நம்பலாம்.